கடலைச் சூடாக்கிய கை

ஆய்வகத்தில் அவளைச் சுழியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரைக் கேட்டுவிட்டு, ஆள் பெரிய குறும்புக்காரியாக இருப்பாள் என்று எண்ணி வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் சொல்லுகிற பெண் அவள். உருப்பெருக்கியில் கண்ணை வைத்துவிட்டால், டீ ஆறுகிறது என்று யாராவது தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டும். அவள் எண்ணுவது சுழிகளை. பெயர் வந்த வழி அவ்வளவுதான்.

ஆழ்கடலின் அடியில் நீளக் குழாயை இறக்கி, சேற்றை அலுங்காமல் குலுங்காமல் உருவி எடுத்து வருவார்கள். அதை முள்ளங்கி நறுக்குவது போல வில்லை வில்லையாக நறுக்கி அவளிடம் அனுப்புவார்கள். ஒவ்வொரு வில்லையும் ஒரு காலம். மேலே இருப்பது புதுச் சேறு, கீழே போகப்போகப் பழையது. ஒரு வில்லையைச் சல்லடையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவாள். சாம்பல் நிறச் சேறு கரைந்து ஓடும். கடைசியில் மிஞ்சுவது ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. அதை உலர்த்தி, கறுப்புத் தட்டில் தூவி, உருப்பெருக்கிக்கு அடியில் தள்ளினால் ஒவ்வொரு துகளும் ஒரு வீடாகிவிடும். குட்டிக் குட்டி உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சுருளாகப் போகும் சுண்ணாம்பு வீடு. ஒரே ஒரு செல்லாலான மிதவை உயிர், கடலின் மேல்தண்ணீரில் மிதந்தபடி, கொத்தனார் இல்லாமல் சித்தாள் இல்லாமல் அறை அறையாகக் கட்டிக்கொண்ட வீடு. உயிர் போனதும் வீடு மட்டும் மெல்ல மெல்ல இறங்கி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அந்த இறக்கத்தை அவள் பார்த்ததில்லை. கப்பலில் காலை வைத்ததே இல்லை. ஆனால் கண்ணை மூடினால் அது தெரியும். மேலே வெளிச்சம், கீழே இருட்டு, நடுவில் நிற்காத ஒரு தூறல். சத்தமில்லாத தூறல். மனிதர்கள் நெருப்பு மூட்டக் கற்றுக்கொள்ளாத நாட்களிலும் அது பெய்துகொண்டிருந்தது. யாரோ யாரையோ மேலானவர் என்றும் கீழானவர் என்றும் பிரித்து வைத்த நாளிலும் பெய்துகொண்டிருந்தது; அந்தப் பிரிவினையைப் பற்றி அதற்கு ஒரு கவலையும் இல்லை. வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது குழாய்த் தண்ணீரில் மாவு கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவாள். அவள் கணவர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "கடலுக்குள்ள போயிட்டியா? வரும்போது தண்ணியை மூடிட்டு வா."

அந்தச் சுருள்களில்தான் சங்கதி இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வகைச் சுண்ணாம்பு ஓடுகளை முதுகுப்பக்கமாகத் திருப்பி வைத்துப் பார்த்தால், சில இடப்பக்கமாகச் சுழன்றிருக்கும், சில வலப்பக்கமாக. குளிர்ந்த கடலில் இடஞ்சுழிகள் கூட்டமாக வாழும். கொஞ்சம் வெதுவெதுப்பான கடலில் வலஞ்சுழிகள். ஒரு வில்லையில் எது எத்தனை என்று எண்ணினால், அந்தக் காலத்தில் கடல் குளிர்ந்திருந்ததா, சூடாக இருந்ததா என்று சொல்லிவிடலாம். வெப்பமானி பிறப்பதற்கு முன் கடலுக்கு அடித்த காய்ச்சலை இப்படித்தான் இன்றைக்குத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் பேராசிரியரிடம் ஒரு கேள்வி கேட்டாள். பேராசிரியர் நரைத்த தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டிருக்கும் பெண்மணி. கேள்வி கேட்கிறவர்களை அவருக்குப் பிடிக்கும். குளிர்தான் இதை இடப்பக்கமாகத் திருப்பிவிடுகிறதா என்று கேட்டாள். முன்பு எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள், மரபணுவைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது என்றார் அவர். இரண்டும் வேறு வேறு குடும்பம். எதையும் எதுவும் திருப்பவில்லை. இடஞ்சுழி பிறக்கும்போதே இடஞ்சுழி. அதற்குப் பிடித்த தண்ணீரில் அது பெருகியது, இதற்குப் பிடித்ததில் இது. அன்றைக்கு அவள் வெகுநேரம் தன் இடதுகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் இடதுகைக்காரி. மெல்லிய தூரிகையை நனைத்து, மணல் துகள் அளவே உள்ள ஓட்டை ஒற்றி எடுத்து, புரட்டிப் பார்த்து, பசை தடவிய அட்டைக் கட்டங்களில் உட்கார வைப்பது அந்தக் கைதான். இடஞ்சுழியை இடப்பக்கக் கட்டத்தில், வலஞ்சுழியை வலப்பக்கக் கட்டத்தில். வலதுகைக்கு ஒரே ஒரு வேலை. மேசையில் இரண்டு பொத்தான் உள்ள எண்ணும் கருவி இருக்கும். ஒரு பொத்தான் இடம், ஒரு பொத்தான் வலம். வாய்க்குள் முணுமுணுத்தபடி அழுத்திக்கொண்டே போவாள். இடம், இடம், வலம், இடம். தாலாட்டு மாதிரி இருக்கும்.

இந்தக் கையை அவளிடமிருந்து பிடுங்கப் பார்த்திருக்கிறார்கள். சின்ன வயதில் அவள் இடதுகையை எதற்கு நீட்டினாலும் அப்பாவின் மர அளவுகோல் மணிக்கட்டில் விழும். "பீச்சாங்கை" என்பார். ஒரு குழந்தையின் உடம்பில் பாதியைக் கழிவறைக்கு ஒதுக்கிவிட்டு, மறு பாதியைச் சோத்துக்கை என்று கொஞ்சுகிற சொல்வளம் நமக்கு இருக்கிறது. வலம் என்றால் வெற்றி என்று அகராதி சொல்லும். இடக்கு என்ற சொல்லோ இடதுக்குப் பக்கத்திலேயே நின்று முறைக்கும். சொல்லிலேயே தீர்ப்பு எழுதிவிட்டு அப்புறம் குழந்தையைக் கூண்டில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்க அன்று ஆளில்லை. அவள் தனக்குத்தானே ஒரு விதி செய்துகொண்டாள். கை முதலில் எந்தப் பக்கம் போகிறதோ அது தப்பு, மற்றது சரி. அந்த விதியால் அடி குறைந்தது. எழுத்து வலதுகைக்கு வந்தது, கோழி கிளறிய மாதிரி. மற்றதெல்லாம் யாரும் பார்க்காதபோது இடதுகையிலேயே ஒளிந்து வாழ்ந்தது.

விதி மட்டும் உள்ளே தங்கிவிட்டது. யாராவது வழி கேட்டு அவசரப்படுத்தினால் அவள் வாய் வலது என்று சொல்லும், இடதைக் காட்ட வேண்டிய இடத்தில். கல்யாணமான புதிதில், கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து "இடது பக்கம் திரும்புங்க" என்று சொல்லிக்கொண்டே அவருடைய வலது தோளைத் தட்டுவாள். இரண்டு மூன்று தடவை ஊரைச் சுற்றியபின் அவர் பாடம் படித்துக்கொண்டார். அன்றிலிருந்து வாயைக் கேட்பதில்லை, தோளைத்தான் கேட்பார். நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார்: "எங்க வீட்டு அம்மா சொல்றதைக் கேட்டா வழி தப்பிடும். தட்டுறதைக் கேட்டா வீடு போய்ச் சேரலாம்."

உருப்பெருக்கிக்கு முன்னால் மட்டும் இந்தத் தொல்லை இருந்ததே இல்லை. அங்கே அவளை யாரும் மிரட்டவில்லை. செத்துப்போன ஓடுகள் அவசரப்படுத்துவதில்லை.

கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. துணி வெட்டும் மேசை, இரண்டு இயந்திரங்கள், தேய்ப்புப் பெட்டியின் சூட்டு வாசனை, காலில் ஒட்டிக்கொள்ளும் நூல் துண்டுகள். பின்னறையில் அவருடைய அக்கா இருந்தாள். ஆஸ்பத்திரியில் ஆயுள் முழுக்க ஊசி போட்டு ஓய்வு பெற்றவள். கெட்ட மனுஷி இல்லை. ஆனால், எதுவாக இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு குத்து குத்திவிட்டால் சரியாகிவிடும் என்பது அவளுடைய வைத்தியம். இவர்களோடு ஒரே பெண் குழந்தை, இரண்டாம் வகுப்பு. வீட்டில் வாலு என்று பெயர்.

வாலுவும் இடதுகைக்காரி.

அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை, பள்ளிக்கூடத்திலிருந்து சேதி வரும்வரை. எழுதும்போது வாலுவின் முழங்கை பக்கத்துப் பிள்ளையின் முழங்கையில் இடிக்கிறதாம். தினமும் சண்டையாம். எழுத்து அழிந்து நோட்டு கறுப்பாகிறதாம். இப்போதே மாற்றிவிட்டால் நல்லது, போகப்போகக் கஷ்டம் என்று வகுப்பு ஆசிரியை கனிவாகத்தான் சொன்னாராம். கனிவாகச் சொல்லப்படுகிற அநியாயத்தை எதிர்ப்பதுதான் ரொம்பக் கஷ்டம். அதற்கு முகத்தில் கோபம் இருக்காது.

நாத்தனார் அன்றே ஒரு வெள்ளைக் காலுறையைக் கொண்டுவந்து வாலுவின் இடதுகையில் மாட்டிவிட்டாள். எழுதும் நேரத்துக்கு மட்டும் என்றாள். சுழியக்கா வேண்டாம் என்றாள். கணவரைப் பார்த்தாள். அவர் கத்தரிக்கோலை எடுத்துக் காட்டினார்.

"இதைப் பாரு. இது வலதுகைக்குச் செஞ்சது. இடதுகையில பிடிச்சா வெட்டுற கோடே தெரியாது, அலகு மறைச்சிடும். கதவுக் கைப்பிடிலேருந்து எல்லாமே அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கானுங்க. நீ பட்டது போதாதா? புள்ளையும் படணுமா?"

அதில்தான் அவள் விழுந்தாள். அது பகையாக வந்திருந்தால் எதிர்த்திருப்பாள், பாசமாக வந்தது. உலகம் கோணலாக இருக்கிறது, அதனால் குழந்தையைக் கோணலாக்குவோம் என்ற கணக்கில் எங்கே பிழை என்று அவளால் அந்த நேரத்தில் சொல்ல முடியவில்லை. சரி, நாத்தனார் கையில் விடுவதைவிட நானே சொல்லிக் கொடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டாள். அடிக்க மாட்டேன், மிரட்ட மாட்டேன் என்று தனக்குள் சத்தியம் செய்துகொண்டாள்.

அடிக்கவில்லைதான். வேலை முடிந்து வந்ததும் வாலுவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாள். காலுறை மாட்டிய கை மடியில் பூனைக்குட்டி மாதிரி கிடக்கும். பென்சிலை எடுக்கப் பூனைக்குட்டி தானாக எழும். "அது இல்ல கண்ணு, மத்தது" என்பாள் மெதுவாக. கொஞ்ச நேரத்தில் மறுபடி எழும். "அது இல்ல, மத்தது." தண்ணீர்க் குவளைக்கு நீளும். "மத்தது." அன்பாகச் சொன்னாள். அதே சொல் அவளுடைய மணிக்கட்டில் வேறொரு குரலில் விழுந்திருந்தது என்பதை நினைக்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

ஒரு வாரம் போயிற்று. வாலு மாறத்தான் செய்தாள். முதலில் அத்தை அதைக் கண்டு பெருமைப்பட்டாள். முன்பெல்லாம் வாலு பந்து வந்தால் பாய்ந்து பிடிப்பாள், கரண்டியைக் கண்டால் பறிப்பாள். இப்போது எதையும் எடுக்குமுன் ஒரு கணம் நின்றாள். இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எடுத்தாள். வாசல்படியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று நின்றாள். யாரும் கேட்காமலேயே "இதானே சரி?" என்று கேட்டாள். அமைதியாகிவிட்டது பிள்ளை என்றார் தையல்காரர். சுழியக்காவுக்குத் தெரிந்த அமைதி அது.

அந்த வாரமும் ஆய்வகத்தில் வழக்கம் போல வில்லைகள் வந்தன, எண்ணி முடித்து அனுப்பினாள். பிறகு ஒருநாள் பேராசிரியர் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடலின் வெப்பம் ஒரு கோடாக ஏறி இறங்கிப் போகும் படம் அது. நீண்ட குளிர்காலத்தின் நடுவில் கோடு திடீரென்று கூரை மேல் ஏறி, அதே வேகத்தில் கீழே குதித்திருந்தது. குளிர்ந்து கிடந்த கடல் யாரோ அடுப்பை மூட்டியது போலச் சூடாகி, யாரோ ஊதி அணைத்தது போல மறுபடி குளிர்ந்துவிட்டது.

உண்மையானால் இது பெரிய விஷயம் என்றார் பேராசிரியர். உண்மையில்லையானால் இதைவிடப் பெரிய விஷயம்.

மெஷின்காரர் சிரித்தார். ஓட்டைப் பொடியாக்கி, அதிலிருக்கும் கனமான ஆக்சிஜன் எவ்வளவு, லேசானது எவ்வளவு என்று பார்க்கும் இயந்திரம் அவர் பொறுப்பு. அதே வில்லைகளிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அவரும் ஓட்டிப் பார்த்திருந்தார். அவருடைய இயந்திரம் கடல் குளிராகவே இருந்தது என்று சாதித்தது. சுழியக்காவைச் சீண்டாவிட்டால் அவருக்கு டீ செரிக்காது.

"என்னக்கா, என் மெஷினுக்கு ஜலதோஷமா, உங்க கண்ணுக்குக் காய்ச்சலா?"

"என் கண்ணு என்னிக்குத் தப்பா பாத்திருக்கு? உங்க மெஷினைத்தான் போன மாசம் பிரிச்சுப் போட்டு ஒட்டவெச்சீங்க."

"அது வயசான மெஷின்க்கா, பொய் சொல்லத் தெரியாது."

"எனக்கும் தெரியாது."

சொன்னது வெறும் வாய்ப்பேச்சில்லை. அவளிடம் இருந்த ஒரே பெருமை அந்தக் கண்தான். அட்டைகளை எடுத்து வந்து மறுபடி எண்ணிக் காட்டுகிறேன் என்றாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, இழுப்பறையைத் திறப்பதற்கு முன், மேசையில் கொஞ்சம் தலையைச் சாய்த்தாள். சல்லடைக்கு மேல் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. உலர்த்தும் பெட்டியின் இரைச்சல் தூரத்தில் எங்கோ கேட்கும் கடல் மாதிரி இருந்தது.

அவள் கடலின் அடியில் நின்றிருந்தாள். மூச்சு முட்டவில்லை. மேலேயிருந்து தூறல் இறங்கியது, வெள்ளை வெள்ளையாக, ஒவ்வொன்றும் தன்னைத்தானே சுற்றியபடி. தலைமுடியில் விழுந்தன, இமையில் விழுந்தன. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தாள். இரண்டிலும் விழுந்தன. எடை பார்த்து விழவில்லை, கை பார்த்து விழவில்லை. கொஞ்சம் தள்ளி வாலு நின்றிருந்தாள். அவள் விரிக்கவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "எந்தக் கையில வாங்கணும்மா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் அப்பாவின் குரல் வந்தது. "அது இல்ல. மத்தது."

விழித்தபோது வாய் உலர்ந்திருந்தது. குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

இழுப்பறையைத் திறந்து, சூடான கடலின் முதல் அட்டையை எடுத்து உருப்பெருக்கிக்கு அடியில் வைத்தாள். அவள் எண்ணி அனுப்பிய கணக்குப்படி அதில் வலஞ்சுழிதான் நிறைந்திருக்க வேண்டும். வலப்பக்கக் கட்டங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில ஓடுகள் உட்கார்ந்திருந்தன. இடப்பக்கக் கட்டங்கள் நிறைந்து வழிந்தன. ஒவ்வொன்றாகத் தூரிகையால் தொட்டு முதுகைப் பார்த்தாள். இடம். இடம். இடம். சுத்தமான குளிர்க் கடல்.

அடுத்த அட்டை. அதுவும் அப்படியே. அடுத்ததும். அந்த வாரம் முழுக்க.

அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கண் சரியாகப் பார்த்திருக்கிறது. தூரிகை பிடித்த இடதுகை ஒவ்வொரு ஓட்டையும் அதனதன் வீட்டில் சரியாக வைத்திருக்கிறது, ஒன்றுகூடப் பிசகவில்லை. பொத்தானை அழுத்திய வலதுகைதான் தலைகீழாக அழுத்தியிருக்கிறது. இடம் என்று பார்த்தபோதெல்லாம் வலம். வலம் என்று பார்த்தபோதெல்லாம் இடம். அதன் காதில் யாரோ இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்: அது இல்ல, மத்தது.

யார் சொன்னது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மாலை முழுக்க மகளிடம் சொன்ன சொல்லைக் காலையில் தன் கைக்கும் சொல்லியிருக்கிறாள். எத்தனையோ வருடங்களுக்கு முன் ஒரு மர அளவுகோல் ஒரு குழந்தையின் மணிக்கட்டில் விழுந்தது. அந்த அடி சுற்றி வந்து ஒரு ஆதிகாலக் கடலைச் சூடாக்கிவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் மகளின் நினைப்பு வந்தது. வாலு எதையும் எண்ணுகிறவளாக இருக்க மாட்டாளா? வண்டி ஓட்ட மாட்டாளா? யாருக்கும் வழி சொல்ல மாட்டாளா? அப்போது அவள் கையும் இப்படித்தானே தலைகீழாகப் போகும்?

பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள், ஆனால் காலுறையையும் விடவில்லை. பேராசிரியர் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. வரைபடத்துக்குப் போய் அந்த ஏற்றத்தை ரப்பரால் மெல்ல அழித்தார். கூரை மேல் ஏறியிருந்த கோடு இறங்கியது. சூடான கடல் இருந்த இடத்தில் அழுக்கான ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் மிஞ்சியது. மெஷின்காரர் அன்றைக்குச் சீண்டவில்லை. சாயங்காலம் டீயைத் தானே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டும் மேசையின் கீழே தரையில் வாலு எழுதிக்கொண்டிருந்தாள். நாத்தனார் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் காவல். சுழியக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. குனிந்து மகளின் கையிலிருந்த காலுறையை உருவினாள். உள்ளே விரல்கள் வேர்த்து வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தன் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள்.

நாத்தனார் எழுந்தாள். "இப்பதான் பழகிட்டு வருது. நடுவுல கெடுக்காத. ஊசி போடுறப்ப பாதியில உருவினா வலிதான் மிச்சம்."

"இவளுக்கு என்ன வியாதின்னு ஊசி போடுறீங்க, அண்ணி?"

அவள் அப்படிக் கேட்டு அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. இயந்திரம் நின்றது. தையல்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். அவள் அவரிடம் ஆய்வகத்தில் நடந்ததைச் சொன்னாள். ஓடுகள், பொத்தான்கள், அழித்த கோடு எல்லாவற்றையும். இவ்வளவு நீளமாக அவள் பேசி அவர் கேட்டதில்லை. பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது என்று முகம் காட்டியது. ஊரைச் சுற்றிச் சுற்றி ஸ்கூட்டர் ஓட்டியவர் அல்லவா.

"ஆனா நீ தோளைத் தட்டுறப்ப எப்பவும் சரியாத்தானே தட்டுவ?" என்றார்.

"கை என்னிக்கும் தப்பு பண்ணலைங்க. வாய்தான் பயந்துபோச்சு."

அவர் கத்தரிக்கோலை எடுத்து இடதுகையில் மாட்டிப் பார்த்தார். ஒரு துணித்துண்டை வெட்ட முயன்றார். துணி அலகுக்குள் மடங்கிச் சிக்கியது. மறுபடி முயன்றார். தன் கடையில், தன் கத்தரியோடு, முட்டாள் மாதிரி உட்கார்ந்திருந்தார். வாலு சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"கத்தரிக்கோல்தான் தப்பு," என்றார் கடைசியில், யாரிடமோ தோற்றுப்போனவர் போல. "இடதுகைக்குன்னு தனியா செய்றான். நான்தான் கேட்டு வாங்கினதில்ல."

"அப்ப ஸ்கூல்ல?" என்று நாத்தனார் விடவில்லை. "முழங்கை இடிக்குதே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

தையல்காரர் வாலுவைக் கூப்பிட்டு, வகுப்பில் எப்படி உட்காருகிறார்கள் என்று கேட்டார். அவள் தரையில் சாக்பீஸால் பெஞ்சை வரைந்து காட்டினாள். பெஞ்சுக்கு நாலு பேர், தான் நடுவில். உடம்பு அளவெடுத்தே வாழ்ந்த மனிதர் அந்தக் கோட்டை ஒரு பார்வை பார்த்தார். சாக்பீஸை வாங்கி, பெஞ்சின் இடது ஓரத்தில் ஒரு வட்டம் போட்டார். இங்கே உட்கார்ந்தால் இவளுடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள்? காற்றுதான் இருக்கும். இத்தனை நாளும் மாற்ற வேண்டியிருந்தது ஒரு பிள்ளையின் மூளையை என்று நினைத்திருந்தார்கள். மாற்ற வேண்டியிருந்தது ஒரு பிள்ளையின் இருக்கையை.

மறுநாள் அவரே பள்ளிக்கூடம் போனார். ஆசிரியை இதில் என்ன இருக்கிறது, தாராளமாக என்று சொல்லிவிட்டாராம். யாரும் அதுவரை யோசிக்கவில்லை, அவ்வளவுதான். எழுத்து அழியாமலிருக்க நோட்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொள்ளச் சொன்னாராம். நாத்தனார் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, நாளைக்கு என்கிட்ட வந்து யாரும் அழக்கூடாது என்றாள். மூன்றாம் நாள் வாலு இடதுகையால் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்ததும், கண் மங்கிய அவள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள். வெள்ளைக் காலுறை என்ன ஆயிற்று என்று யாரும் தேடவில்லை. சில நாள் கழித்துத் தையல் மேசையில் கிடந்தது. உள்ளே துணிக் கழிவுகளை அடைத்து, வாயைத் தைத்து, குண்டூசி குத்தி வைத்திருந்தார் தையல்காரர்.

விடுமுறை நாளொன்றில் சுழியக்கா மகளை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனாள். ஜன்னல் வழியே வெயில் மேசைமேல் படுத்திருந்தது. குழாய் சொட்டியது. உயரமான நாற்காலியில் முட்டி போட்டு ஏறி, வாலு உருப்பெருக்கிக்குள் குனிந்தாள். கறுப்புத் தட்டில் ஒரே ஒரு ஓடு. வாலு கீழே போய்க்கொண்டிருந்தாள், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு, தூறலோடு தூறலாக.

"இது எந்தப் பக்கம் சுத்தியிருக்கும்மா?"

சுழியக்கா குனிந்து பார்த்தாள். பார்த்ததுமே தெரிந்தது. ஆனாலும் சொல் நாக்கு வரைக்கும் வந்து அங்கேயே நின்றது. அது வழக்கம் போல ஒரு கணம் யாரிடமோ அனுமதி கேட்டது. இதற்கு இனி வைத்தியமில்லை, இது தன்னோடு வரும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நான் சொல்லட்டா?" என்றாள் வாலு, கண்ணை எடுக்காமலேயே.

"சொல்லு."

"இடது."

நிற்கவில்லை, கைகளைப் பார்த்துக்கொள்ளவில்லை. சொல்லிவிட்டு இடதுகையை நீட்டி, அம்மாவிடமிருந்து தூரிகையை வாங்கிக்கொண்டாள்.